சித்தி லெப்பையும் ஆங்கிலக் கல்வியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளின் வழியாகவே கிடைத்தது. பிள்ளைகளின் ஈமானுக்கு ஊறு நேருமோ என்றஞ்சிய முஸ்லிம் பெற்றோர் பலர் அப்பள்ளிகளைத் தவிர்த்தனர். அதனால் அரசுப் பதவியும் வழக்கறிஞர் தொழிலும் சமூகத்தில் மிகச் சிலருக்கே எட்டின.

கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் முஹம்மது காசிம் சித்தி லெப்பை (1838–1898), 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ இதழில் நவீனக் கல்வியின் தேவையை எடுத்துரைத்தார். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. மார்க்கக் கல்வியும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ் அமையும் பள்ளிகளுக்காக உழைத்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த உராபி பாஷாவும், கொழும்புப் பிரமுகர் வாப்பிச்சி மரிக்காரும் இம்முயற்சிக்குத் துணைநின்றனர். 1892இல் கொழும்பில் உருவான மத்ரஸா, பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

மாணவருக்காகப் பரிந்து பேசுவோர் முதலில் பெற்றோரின் அச்சத்தைப் போக்கும் வழியைக் காட்ட வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை.