ஒரு மாத்திரை கற்றுத் தந்த பாடம்

தலைவலியா, தூக்கமில்லையா, கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. இந்த எண்ணத்துக்கு உலகம் ஒருமுறை மிகப் பெரிய விலை கொடுத்தது.

1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் 'கொன்டர்கன்' என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதிலிருந்த மருந்தின் பெயர் தாலிடோமைட். மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். டாக்டரின் மருந்துச் சீட்டு இல்லாமலேயே கடைகளில் கிடைத்தது. மசக்கை வாந்திக்கு நல்லது என்று கர்ப்பிணிகளும் அதை நம்பிச் சாப்பிட்டார்கள். வயிற்றிலிருக்கும் சிசுவை அது என்ன செய்யும் என்று யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளில், கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் டாக்டர் விடுகின்ட் லென்சும் ஆஸ்திரேலியாவில் டாக்டர் வில்லியம் மெக்பிரைடும் இந்த மாத்திரையின் மீது சந்தேகம் கொண்டனர். 1961 நவம்பரில் ஜெர்மனியில் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர். பலர் பிறந்த சில நாட்களிலேயே இறந்தனர்.

அமெரிக்கா பெருமளவு தப்பியது. அதற்குக் காரணம் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பணியாற்றிய டாக்டர் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண்மணி. 1960-இல் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. மருந்து நிறுவனம் எவ்வளவோ நெருக்கியும், போதிய ஆதாரம் இல்லாமல் அனுமதிக்க அவர் மறுத்துவிட்டார். 1962-இல் அதிபர் கென்னடி அவருக்கு விருது வழங்கிக் கௌரவித்தார். அதே ஆண்டு மருந்துச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. 1968-இல் உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளிலிருந்து பக்கவிளைவுத் தகவல்களைத் திரட்டத் தொடங்கியது. மலேசியா 1990-இல் அதில் இணைந்தது.

இன்று பெரிய மருத்துவமனைகளில் இயந்திரங்களே மாத்திரைகளை எண்ணிப் பொட்டலமிடுகின்றன. மருந்து மாறிப் போவதை அவை குறைக்கின்றன. ஆனால், சரியாக எண்ணிக் கொடுத்த மாத்திரை ஒருவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை இயந்திரம் தானாக அறியாது. அதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

மருந்து வாங்கும்போது, கர்ப்பமா, வேறு மருந்தோ நாட்டு மருந்தோ சாப்பிடுகிறீர்களா என்பதை மருந்தாளரிடம் மறைக்காதீர்கள். பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்ட பின் உடம்பில் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அன்று கெல்சி கேட்ட கேள்விகள் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றின. நம் வீட்டுக் குழந்தைக்காக ஒரு கேள்வி கேட்க நாம் ஏன் தயங்க வேண்டும்?