கைதியும் சிறையும்

எரித்திரியாவில் யெகோவாவின் சாட்சிகள் மூவர், மத நம்பிக்கையால் படைப்பணியை மறுத்ததற்காக 1994 முதல் 2020 வரை விசாரணையே இன்றி அடைபட்டுக் கிடந்தார்கள். இப்படிப்பட்டவர்களையும் ‘குற்றவாளிகள்’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ‘கைதி’ என்றாலே குற்றம் செய்தவர் என்று கேட்டுப் பழகிய காது செய்யும் வேலை அது.

சொல்லின் வேரில் குற்றமே இல்லை. அரபியில் ‘கைத்’ என்றால் கட்டு, விலங்கு. பாரசீகம், உருது வழியாக வந்து தமிழில் ‘கைது’, ‘கைதி’ என நிலைத்தது. கையில் விலங்கிடுவதால் வந்த பெயர் என்பது ஒலி ஒற்றுமையால் எழுந்த மயக்கம்.

தமிழின் ‘சிறை’ இன்னும் ஆழமானது. பழைய இலக்கியத்தில் அது பறவையின் சிறகு; நீரைத் தடுக்கும் அணையும் அதுவே. பறக்கவிடுவதும் தடுத்து நிறுத்துவதும் ஒரே சொல்லில்! அடைபட்ட ஆளுக்கும் அது பெயரானது. ‘சிறைமீட்டல்’ என்ற வழக்கு அப்படித்தான் வந்தது.

1961இல் ஆங்கில வழக்கறிஞர் பீட்டர் பெனன்சன் பரப்பிய தொடர், தமிழில் ‘மனச்சான்றுக் கைதி’ ஆயிற்று. வன்முறையில் இறங்காமல், கொண்ட நம்பிக்கைக்காக அடைக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். நல்ல ஆக்கம்தான். ஆனால் ‘கைதி’யில் ஒட்டிய கறை இன்னும் போகவில்லை.

நம்பிக்கைக்காக அடைபட்டவர்களைச் ‘சிறைப்பட்டோர்’ என்றே எழுதுங்கள்.