மிதவைப் புள்ளிப் பதிவகங்களும் சக்தி செயலியும்

இயங்குதளத்தின் கருவான கெர்னல், ஒரு பணியை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கும்போது, பின்னப் பகுதியுள்ள எண்களைக் கணிக்கப் பயன்படும் மிதவைப் புள்ளிப் பதிவகங்களின், அதாவது செயலிக்குள்ளேயே அமைந்த சிறு சேமிப்பிடங்களின், மதிப்புகளையும் காத்துவைக்க வேண்டும். 1980இல் இன்டெல் வெளியிட்ட 8087 இக்கணிப்புக்கென்றே அமைந்த தனிச் சில்லாகும். எல்லாப் பணிகளுக்கும் இத்தகைய கணிப்பு தேவைப்படாததால், தேவை எழும்வரை சேமிப்பைத் தள்ளிப்போடும் வழக்கம் பின்னாளைய கெர்னல்களில் பரவியது. சிக்கனம் என்று மெச்சப்பட்ட அவ்வழக்கமே, ஒரு பணியின் எச்சத்தை மற்றொன்று ஊகித்தறிய வழிவிட்டது என்பது 2018இல் வெளிப்பட்டது. அதே ஆண்டில் லினக்ஸை இயக்கிக் காட்டிய சென்னை ஐஐடியின் சக்தி செயலி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியோ, இப்பதிவகங்களின் நிலையை அணைந்தது, தொடக்கநிலை, மாறாதது, மாறியது என இரண்டே பிட்டுகளில் குறித்துவைப்பதால், மதிப்பு மாறியிருந்தால் மட்டுமே லினக்ஸ் கெர்னல் அவற்றை நினைவகத்தில் எழுதுகிறது.