நல்லது கமிட்டிக்கு, சொத்தை சட்டிக்கா?



இன்று மல்லாட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அதில் எங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு? ரகம், ஜிப்சம், மண் அணைப்பு எல்லாம் பத்துத் தடவை சொல்லியாச்சே" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இன்றைக்கு வயல் பேச்சு இல்லை, அடுப்படிப் பேச்சு. அதிலும் கொஞ்சம் பழங்கதை.

பாலும் தயிரும் நெய்யும்கூட வேண்டாம், செடி கொடி தருவது மட்டும் போதும் என்று சாப்பிடுகிறவர்களை 'வீகன்' என்கிறார்கள். 1944இல் இங்கிலாந்தில் உண்டான சொல் அது. தமிழில் நனிசைவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டணத்தில் சிலர் கொள்கையாக இதைக் கைக்கொள்கிறார்கள். நம் கிராமங்களிலோ பல வீட்டுப் பிள்ளைகள் கொள்கை எதுவும் இல்லாமலே பாலில்லாமல் வளர்கிறார்கள். கறந்த பால் சொசைட்டிக்குப் போய்விடுகிறது, விளைந்த கடலை கமிட்டிக்குப் போய்விடுகிறது. பிள்ளைக்குக் கறுப்பு டீயும் ஐந்து ரூபாய் பாக்கெட்டும் மிஞ்சுகின்றன. பாலை விற்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கடலையையுமா?

இந்தக் கடலை நம் ஊர்ப் பயிரே அல்ல. தென்னாற்காட்டில் மணிலாக் கொட்டை என்று சொல்லி, அது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகத் தேய்ந்தது. பேரிலேயே பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகம் இருக்கிறது பாருங்கள். சென்னைப் பக்கம் வேர்க்கடலை, தெற்கே நிலக்கடலை, இலங்கைத் தமிழருக்குக் கச்சான். மணிலாவும் இதன் பிறந்த வீடு அல்ல. தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவின் தெற்கும் அர்ஜெண்டினாவின் வடக்கும் சேருகிற பகுதிதான் தாய்மண். அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக் கடல்வழியே கிழக்காசியாவுக்கும், போர்ச்சுகீசியக் கப்பல்கள் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோயின.

பிறந்த கண்டத்தில் அதற்கு இருந்த மதிப்பைக் கேளுங்கள். பெரு நாட்டின் வடக்கே சிபான் என்ற ஊரில் 1987இல் ஒரு பழைய அரசனின் கல்லறையைத் தோண்டினார்கள். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் முந்தியது. அரசன் கழுத்தில் கிடந்த மாலையில் முத்தும் இல்லை, காசும் இல்லை. ஒரு பக்கம் பொன்னாலும் மறுபக்கம் வெள்ளியாலும் செய்த கடலைக்காய்கள்! உடைக்காத காய், இடுப்பு ஒடுங்கிய அதே வடிவம். தின்கிற பண்டத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போயிருக்கிறான் மனிதன்.

நம்மிடம் வந்த பிறகு கதை வேறு மாதிரி ஆயிற்று. இங்கே ஏற்கெனவே எள் இருந்தது. எண்ணெய் என்ற சொல்லே எள்நெய்தானே. கடலை பெரிய பயிரானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், அதுவும் நம் வாய்க்காக அல்ல. பிரான்சில் மார்சேய் என்ற துறைமுகத்தில் எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் நிறைய. அவற்றுக்கு எண்ணெய் வித்து வேண்டியிருந்தது. புதுச்சேரி அவர்கள் கையில் இருந்தது, பக்கத்திலேயே தென்னாற்காட்டுச் செம்மண். 1866இல் புதுச்சேரிக் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டினார்கள். 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. மூட்டை மூட்டையாகக் கடலை கடல் தாண்டியது. நம் தாத்தாவுக்குத் தாத்தா வெயிலில் பிடுங்கிய கடலை, எங்கோ ஒருவர் கை கழுவுகிற சோப்பாக மாறியது.

இதில் ஒரு சின்ன விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அந்தக் காலத்தில் மிஷின் கிடையாது. ஓடு சுலபமாக உடைய வேண்டுமென்று காயின்மேல் தண்ணீர் தெளித்துத் தடியால் அடிப்பார்கள். நனைந்த பருப்பு மூட்டையில் புழுங்கி, கப்பலில் வாரக்கணக்கில் கிடந்து, பூசணம் பிடித்துப் போய்ச் சேரும். சரக்கு சரியில்லை என்று அங்கே குறை சொல்வார்கள். அந்த நூற்றாண்டு முடிகிற சமயத்தில் விளைச்சலும் விழுந்து, பரப்பும் சுருங்கி, ஆப்பிரிக்காவிலிருந்து புது விதை வந்த பிறகுதான் பயிர் மறுபடி நிமிர்ந்தது. பின்னால் நம் திண்டிவனத்திலேயே ரகம் தேர்ந்தெடுத்தார்கள். 1940இல் வந்த டி.எம்.வி. 2 ரகத்தை உங்கள் அப்பா விதைத்திருப்பார்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பாலை விட்டுவிட்டுக் கடலையை நம்பிய பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். காந்திதான். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை 1910இல் தொடங்கியது. அங்கே இருந்த சத்தியாகிரகிகளில் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். 1912இல் காந்தியும் நண்பர் காலன்பாக்கும் பால் குடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு அவர்கள் உணவு பச்சைக் கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், இவ்வளவே. 1914இல் லண்டன் போனபோதும் கடலையும் பழமும்தான். தானியம் இல்லை, பருப்பு வகையும் இல்லை. அங்கே நுரையீரல் உறை அழற்சி நோயில் படுத்தார். 1918இல் குஜராத்தில் கேடா மாவட்டத்தில் அலைந்தபோது அரைத்த கடலை வெண்ணெயும் எலுமிச்சையும் முக்கிய ஆகாரம். அளவுக்கு மிஞ்சித் தின்று வயிற்றுக்கடுப்பு வந்ததை அவரே சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கடைசியில் 1919இல் ஆட்டுப்பால் குடித்தார். விரதத்தின் உள்ளர்த்தத்தை மீறிவிட்டோமே என்ற வருத்தம் அவருக்குப் போகவில்லை.

இதைக் கடலைமீது குற்றமாக நான் சொல்லவில்லை. நோய்க்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் பார்க்கும்போது, அந்தத் தட்டில் எது குறைந்தது என்பது தெரிகிறது. நூறு கிராம் கடலைப் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம். இது சாதாரணம் இல்லை. ஆனால் புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் லைசின் என்ற மணி கடலையில் குறைவு. அரிசி, கம்பு, கேழ்வரகிலும் அது குறைவுதான். துவரை, உளுந்து, பச்சைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலையில் நிறைய இருக்கு. ஆக, சோறும் கடலையும் மட்டும் ஜோடி சேராது. மூன்றாவதாகப் பயறு வர வேண்டும். இன்னொன்று, பி12 என்கிற வைட்டமின். எந்தத் தானியத்திலும் காயிலும் அது கிடையாது. அதைப் பிரித்தெடுத்ததே 1948இல்தான். 1912இல் யாருக்கும் தெரியாது. இன்றைக்குப் பால், முட்டை எதுவும் தொடாமல் வாழ நினைப்பவர் அதை மாத்திரையாக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இதில் வீம்பு வேண்டாம்.

இந்த ஜோடிப் பொருத்தத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் மைசூரில் இருந்தார்கள். அங்கே 1950இல் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் வந்தது. எண்ணெய் எடுத்த பிறகு கடலையின் புரதம் முழுக்கப் புண்ணாக்கில் நிற்கிறது, அது மாட்டுக்கும் கரும்புக்கும் போகிறதே என்று யோசித்தார்கள். மனிதர் உண்ணத் தக்க முறையில் சுத்தமாக எடுத்த கடலை மாவு முக்கால் பங்கு, கொண்டைக்கடலை மாவு கால் பங்கு கலந்து, சுண்ணாம்புச் சத்தும் வைட்டமினும் சேர்த்து ஒரு சத்துமாவு செய்தார்கள். கடலையில் குறைந்ததைக் கொண்டைக்கடலை ஈடுகட்டியது. நம் பாட்டி சுண்டலில் தேங்காய் போடும்போது கணக்குப் பார்க்கவில்லை, இவர்கள் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்று ஒருவர். அடிமையாகப் பிறந்து விவசாய விஞ்ஞானி ஆனவர். பருத்தியே போட்டுப் போட்டு மண் செத்துப்போன ஏழை விவசாயிகளிடம் கடலை போடச் சொன்னார். அவர்கள் டஸ்கிகி பள்ளிக்கு வரமாட்டார்கள் என்று, 1906இல் அங்கிருந்து ஒரு குதிரை வண்டியில் கருவிகளை ஏற்றிப் பள்ளியையே கிராமத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் விரிவாக்கத் துறைக்கு முன்னோடி வண்டி அது என்பேன். 1916இல் அவர் வெளியிட்ட சிறு பிரசுரத்தில் கடலை பயிரிடும் முறையோடு, அதைச் சமைக்க 105 வழிகளும் இருந்தன. விளைய வைக்கச் சொன்னவர் தின்னவும் சொல்லிக்கொடுத்தார். அதுதான் எனக்குப் பிடித்தது. நாங்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

இப்போது அந்த நனைத்து உடைத்த கதைக்கு வருகிறேன். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கல்லீரல் கெட்டுச் செத்தன. என்ன நோய் என்றே தெரியவில்லை. கடைசியில் தீவனத்தில் கலந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வினை இருந்தது. ஒரு வகைப் பூஞ்சைக் காளான் உண்டாக்கும் விஷம். அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். 1974இல் நம் நாட்டிலேயே, குஜராத்–ராஜஸ்தான் எல்லைப் பகுதியில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவும் இதே விஷம்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் உள்ளே போனால் கல்லீரல் புற்றுக்கு இடம் கொடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்க அழியாது. கெட்ட பருப்பைச் செக்கில் ஆட்டினால் எண்ணெயிலும் ஓரளவு வரும். மரச்செக்கு எண்ணெய் என்ற பேருக்கு அந்தக் காளான் பயப்படாது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? காய் உடைத்ததும் நல்ல பருப்பைப் பொறுக்கி மூட்டை கட்டுகிறோம். சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது, பூச்சி அரித்தது எல்லாம் முறத்தில் மிஞ்சும். "கமிட்டியில எடுக்க மாட்டான், வீட்டுக்கு ஆகட்டும்" என்று டப்பாவில் போடுகிறோம். நல்லது கமிட்டிக்கு, சொத்தை சட்டிக்கு. விஷம் எங்கே அதிகம் தங்கும் என்றால், அந்தச் சொத்தையில்தான்! விவசாயி வீட்டுக் குழந்தைக்கு ஊரிலேயே மோசமான கடலை கிடைப்பது என்ன நியாயம்?

ஒரு கணக்குப் போடுவோம். ஆளுக்கு ஒரு கைப்பிடி, 30 கிராம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 44 கிலோ பருப்பு. காயாகப் பார்த்தால் 60 கிலோவுக்குச் சற்று மேல். வியாபாரி தராசு தூக்குவதற்கு முன்னால் இதை முதலில் எடுத்து வையுங்கள். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கும்படி திருப்பிப் போட்டு உலர்த்துங்கள். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும், ஈரப்பதம் எட்டு சதத்துக்குள் இருக்கும். சாக்குப் பையில் காயாகவே வைத்து, தரையில் படாமல் கட்டையின்மேல் அடுக்குங்கள். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கையால் உடையுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள். மிஷினுக்குக் கொண்டுபோகும்போதும் இன்றைக்கும் தெளிக்கிறார்கள், பருப்பு உடையாது என்று. நூறு வருஷத்துக்கு முந்திய அதே வேலை.

பிறகு சமையல் எங்கே கஷ்டம்? பச்சைக் காயை உப்புப் போட்டு வேகவைத்தால் சாயங்காலப் பலகாரம் முடிந்தது. வறுத்த கடலை, காய்ந்த மிளகாய், புளி, பூண்டு வைத்து அரைத்த துவையல் கம்பங்கூழுக்கும் கேழ்வரகுக் களிக்கும் ஒத்துப்போகும். முருங்கைக்கீரைப் பொரியலில் இறக்கும்போது ஒரு கை கடலைப் பொடி தூவுங்கள், தேங்காய் வேண்டாம். கூடவே கொள்ளு ரசமோ பயறு சுண்டலோ ஒருவேளை இருந்தால் நான் சொன்ன மூன்றாவது ஆளும் வந்தாச்சு. கோவில்பட்டி கடலைமிட்டாய் தெரியாதவர் உண்டா? 2020இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. வெல்லமும் கடலையும், பாலோ நெய்யோ துளி கிடையாது. கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து காய்ச்சினால் பால் மாதிரி இருக்கும், குடிக்கலாம். ஆனால் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ மாட்டுப்பாலுக்கோ பதில் என்று அதைக் கொடுத்துவிடாதீர்கள், சுண்ணாம்புச் சத்து அதில் கொஞ்சம்தான். சின்னக் குழந்தைக்கு முழுப் பருப்பும் கூடாது, தொண்டையில் அடைக்கும். சிலருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்து மூச்சிரைக்கும், அவர்கள் அறவே தொடக்கூடாது.

கடைசியாகச் சிமிலி. வட மாவட்டத்துத் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவில் சிட்டிகை உப்புப் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கனமான அடையாகத் தட்டி, இரண்டு பக்கமும் நன்றாக வேகவிடுங்கள். ஆறுவதற்குள் பிய்த்து உரலில் போட்டு, வறுத்துத் தோல் நீக்கிய கடலை ஒரு டம்ளர், வறுத்த எள் கால் டம்ளர், தட்டிய வெல்லம் முக்கால் டம்ளர் சேர்த்து இடியுங்கள். மிக்ஸியிலும் சுற்றலாம், ஒரே சுற்று, நைசாகக் கூடாது. கடலையில் குறைவாக இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் கேழ்வரகும் எள்ளும் தருகின்றன. கடலையும் எள்ளும் விடுகிற எண்ணெயிலேயே உருண்டை பிடிக்க வரும், நெய் வேண்டாம். அடையில் ஈரம் இருப்பதால் அன்றைக்கும் மறுநாளும் தின்று தீர்த்துவிடுங்கள்.