தாத்தாவின் ஸ்டாம்பு நோட்டு

என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் மரம் அடிக்கிற வேலை பார்த்தவர். ஷிப்டு முடிந்து வந்து குளித்ததும் அவர் கை தேடுவது ஸ்டாம்பு நோட்டைத்தான். லைன் வீட்டு வாசலில் பாயை விரித்து, கிண்ணியில் தண்ணீர் வைத்து, தபால்தலைகளை ஊறப்போட்டு உரித்து, பழைய பேப்பர் மேல் காயவைப்பார். ஆயா திட்டும்: "ஊட்ல அரிசி ஊற வெக்க கிண்ணி இல்ல, இந்தாளு காயிதத்த ஊற வெக்கிறாரு."

தபால்தலை சேர்ப்பதை ராஜாக்களின் பொழுதுபோக்கு என்பார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே பெரிய சேகரிப்பாளர். குடியாத்தம் பக்கத்துச் சேரியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையனுக்கு இது எப்படித் தொற்றியது? தாத்தாவின் அம்மா துரை பங்களாவில் வேலை செய்தவர். குப்பைக் கூடையில் கிடந்த சீமைக் கடித உறைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து மகனுக்கு விளையாடக் கொடுத்தார். அப்படித்தான் ஆரம்பம்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களை மட்டும் தாத்தா தண்ணீரில் போடவே மாட்டார். உறையை அப்படியே முழுசாக வைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். ரங்கூனிலிருந்து அவருடைய சித்தப்பா போட்ட கடிதத்தை எடுத்துக் காட்டினார். "இதுல இன்னா ஸ்டாம்பு?" பார்த்தேன். இந்தியத் தலை. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. அங்கேயும் இந்தியத் தலைதான். "தலைய மட்டும் பிச்சா ராஜா மூஞ்சிதான்டா மிஞ்சும். முத்திரைலதான் ரங்கூன் இருக்குது. மேல எழுதியிருக்குதே அட்ரஸ், அதுலதான் நம்ம ஆளு இருக்கறான்."

அந்த முத்திரைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கிய பிறகு வடஆர்க்காட்டிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்கள் சாரிசாரியாக வந்தார்கள். கூலியோடு கொஞ்சம் எழுத்தும் கிடைத்தது. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னுக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் இருந்தன. ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதே இயக்கத்தின் கிளைகள். குழிக்குள் இறங்கிய ஜனங்கள் கடல் கடந்து கடிதப் போக்குவரத்து நடத்தியிருக்கிறார்கள். 1930இல் தங்கள் கைரேகையைக் கம்பெனிக்குப் பதிந்து கொடுக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களே. அவர்களுடைய கையெழுத்து இந்த உறைகளின் மேல் இருக்கிறது.

தாத்தா காசு கொடுத்து வாங்கிய முதல் புதுத் தலை 1956இல் வந்த புத்த ஜெயந்தித் தலை. அதே ஆண்டு டிசம்பரில் அம்பேத்கர் மறைந்தார். 1954இல் தங்கவயலுக்கு வந்தபோது கூட்டத்தில் நின்று அவரைப் பார்த்தவர் தாத்தா. அவருக்குத் தலை எப்போது போடுவார்கள் என்று தபாலாபீஸில் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பத்து வருஷம் ஆயிற்று. 1966 ஏப்ரல் 14 அன்று 15 பைசாவில் வந்தது. வாங்கி நோட்டில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஊரில் இருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் அந்தத் தலையை ஒட்டி லெட்டர் போட்டார். "ஊர்த்தெரு தபால்காரன் அவர் மூஞ்சியக் கையில தூக்கினு நம்ம தெருவுக்கு வரணும், அதான்." முகத்தின் மேல் முத்திரை குத்தாமல் ஓரமாகக் குத்தச் சொல்லி கிளார்க்கிடம் மல்லுக்கு நிற்பாராம். உறையை பத்திரமாகத் திருப்பித் தரும்படி அந்தக் கடிதங்களிலேயே எழுதியிருப்பார்.

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். 1986இல் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தேன். பழைய பர்மாத் தலைக்கு நல்ல விலை என்று ஒருவன் சொன்னான். நோட்டிலிருந்த கடைசி ரங்கூன் உறையிலிருந்து தலையைக் கிழித்துக்கொண்டு போய் விற்றேன். நாற்பது ரூபாய். பிரியாணி, சினிமா. தலையோடு முத்திரையும் போயிற்று. முத்திரையில்தான் தேதி இருந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போட்டான். ஆயிரக்கணக்கான தமிழர்கள் கால்நடையாகக் கிளம்பினார்கள். தாத்தாவின் சித்தப்பா வீடு வந்து சேரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் குண்டு விழுமுன் போட்டதா, விழுந்த பிறகு போட்டதா? உள்ளே இருந்த தாள் எப்போதோ செல்லரித்துப் போயிருந்தது. சாட்சியாக மிஞ்சியது அந்த முத்திரை ஒன்றுதான். அதை அழித்தவன் நான். நம் வரலாற்றை மற்றவர்கள் மறைத்தார்கள் என்று மேடையில் பேசும்போதெல்லாம் இது எனக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது.

தாத்தா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. 2000இல் இரட்டைமலை சீனிவாசன் தலை வந்தபோது அதை ஒட்ட என்னைத்தான் கூப்பிட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்குக் கூலிக்குப் போகத் தொடங்கினார்கள். 2004இல் தாத்தா இறந்தார். நோட்டை அப்புறம்தான் முழுசாகப் புரட்டினேன். கிழிந்த உறையின் ஓட்டையில் வெள்ளைத்தாள் ஒட்டி, பென்சிலால் எழுதியிருந்தார்: 'இங்கே பர்மா தலை இருந்தது.' யார் எடுத்தது என்று எழுதவில்லை.

மறு ஆண்டு, 2005 அக்டோபரில், அயோத்திதாசப் பண்டிதர் தபால்தலை வந்தது. தாத்தா பார்க்கவில்லை. ஒன்று வாங்கி ஒட்டினேன். இன்னொன்றை உறையில் ஒட்டி எங்கள் பழைய லைன் வீட்டு முகவரிக்கே போட்டேன். ஓரத்தில் முத்திரையோடு வந்து சேர்ந்தது. அதைக் கிழிக்கவில்லை.

தோழர்களே, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் பழைய கடிதம், கூலிச் சீட்டு, சங்க ரசீது ஏதாவது கிடக்கும். குப்பை என்று அடுப்பில் போடாதீர்கள். யார் எழுதியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களை இன்றைக்கே உட்காரவைத்துக் கேட்டு, பின்னால் எழுதி வையுங்கள்.