துருவேறிய பிரேக் குழாய்களை மாற்றுதல்: பழைய வேன்கள்

பிரேக் குழாய் என்பது, ஓட்டுநர் மிதியில் கொடுக்கும் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் திரவத்தின் வழியே கொண்டுசேர்க்கும் மெல்லிய உலோகக் குழாயாகும். பட்டறை வழக்கில் இது பிரேக் பைப் என்றும் பிரேக் லைன் என்றும் வழங்கும். பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவப்படும் நிலப்பகுதிகளில், குறிப்பாக அமெரிக்காவின் பேரேரிகள் வட்டாரம், நியூ இங்கிலாந்து, கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் ஆகிய இடங்களில், பத்தாண்டைக் கடந்த வேன்களில் இக்குழாய் துருவேறி ஓட்டை விழுவது வழக்கமான பழுதாகும். பொருட்செலவு சிறிதாகவும் உழைப்புக் கூலி பெரிதாகவும் இருப்பதால், உரிமையாளர்கள் வீட்டு முற்றத்திலேயே வைத்துச் செய்துகொள்ளும் பணிகளுள் இதுவும் ஒன்றாக நிலைபெற்றுள்ளது.

தொழிற்சாலையில் பொருத்தப்படும் குழாய் பெரும்பாலும் இரட்டைச் சுவர் எஃகால் ஆனது. செம்புப் பூச்சிட்ட எஃகுத் தகட்டை இருமுறை சுருட்டி, உலையில் செம்பு உருகி இரு சுற்றுகளையும் ஒட்டும்படி செய்து, வெளிப்புறத்தில் துத்தநாகமோ பிளாஸ்டிக் படலமோ ஏற்றி இதனை உருவாக்குகின்றனர். பரவலாகப் பயன்படும் குழாயின் விட்டம் 4.75 மி.மீ., சுவரின் கனம் ஏறத்தாழ 0.7 மி.மீ. மட்டுமே, கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது இந்தச் சுவர் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டைத் தாண்டும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியுள்ளது. சல்லி தெறித்து மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் உப்புநீர் புகுகிறது. சாதாரண உப்பு உறைநிலைக்கு ஏறத்தாழ 9 டிகிரி கீழ் வரைதான் நன்கு பயன்படும் என்பதால், அதைவிடக் கடுங்குளிருக்குக் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் தெளிக்கப்படுகின்றன. இவை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, மழையோ பனியோ இல்லாத நாளிலும் உலோகத்தை நசநசவென்று வைத்திருப்பவை. சட்டத்தோடு குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியிலும், எரிபொருள் தொட்டியின் மேற்புறத்திலும், பின் அச்சின் மீதும் சேறு தங்குமாதலால் துருவும் அங்கேயே முதலில் பிடிக்கிறது; கண்ணுக்கு எளிதில் தெரியும் பகுதிகள் நன்றாக இருப்பதைக் கொண்டு குழாய் முழுவதும் நன்றாக உள்ளது எனக் கொள்வது தவறு.

1960களின் பிற்பகுதி முதல் அமெரிக்க வாகனங்களில் பிரேக் அமைப்பு இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு குழாய் வெடித்தாலும் பிரேக் முற்றாக இல்லாமற்போவதில்லை. எனினும் மிதி ஆழமாக இறங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், நிற்கும் தொலைவு பெரிதும் நீளும். சுமையேற்றிய வேனில் பின் சக்கரங்களின் பங்கு கூடுதலாதலால் இழப்பும் கூடுதலாகும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2015இல் வெளியிட்ட அறிவுரை, 2007ஆம் ஆண்டு மாதிரி வரையிலான வாகனங்களின் உரிமையாளர்கள் குழாய்களைச் சோதிக்கவும், பனிக்காலத்தில் வாகனத்தின் அடிப்பகுதியை அடிக்கடி கழுவவும் கேட்டுக்கொண்டது. ஒரு குழாய் ஓட்டையான பின் அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவது சிக்கனமாகத் தோன்றினாலும், அதே வயதும் அதே உப்பும் கண்ட எஞ்சிய பகுதி அடுத்ததாக வெடிக்கக் காத்திருக்கிறது என்பதே உண்மை நிலை. ஆகவே ஒரே காலத்துக் குழாய்களை ஒருசேர மாற்றுவதே முறையாகும்.

மாற்றுக் குழாய்க்கு இன்று பெரிதும் விரும்பப்படுவது செம்பு–நிக்கல் கலப்பு உலோகம். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிக்கலும் சிறிதளவு இரும்பும் கலந்த இது உப்புக்கு அசைந்துகொடுப்பதில்லை, கையாலேயே வளைக்கலாம். வோல்வோ நிறுவனம் 1976 முதலே இதனைக் கையாண்டு வருகிறது. எஃகுக் குழாய் விலை குறைவானது என்பதைத் தவிர வீட்டில் வேலை செய்பவருக்கு அதனால் வேறு அனுகூலம் ஏதுமில்லை.

கழற்றும் பணியில் வாகனத்தை ஜாக்கியின் மீது மட்டும் நம்பி விடாமல், உறுதியான தாங்கிகளில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பது முதல் நிபந்தனை. குழாய் முனை நட்டுகள் துருவால் இறுகியிருக்கும். சாதாரண ஸ்பானர் அவற்றின் மூலைகளை வழித்துவிடுமாகையால், நட்டை ஏறத்தாழ முழுச்சுற்றும் கவ்வும் தனி ஸ்பானர் தேவை. அதற்கும் அசையாதபோது, குழாயை நட்டின் ஓரத்திலேயே வெட்டிவிட்டு, ஆறுமுனைச் சாக்கெட்டைப் போட்டுத் திருப்புவர். எப்படியும் எறியப்போகும் குழாய்க்காகத் தயங்கவேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டரும் ஏபிஎஸ் பகுதியும் வறண்டுபோனால் உள்ளே புகும் காற்றை வெளியேற்றப் பல வாகனங்களில் கணினிக் கருவியே தேவைப்படும். எனவே திறந்த துளைகளை உடனுக்குடன் மூடிவைப்பது பின்னால் வரும் பெருந்தொல்லையைத் தவிர்க்கும்.

வேலையின் தரம் குழாயின் நீளத்தில் இல்லை, அதன் இரு முனைகளில் இருக்கிறது. நட்டின் அழுத்தத்தில் முனை கசியாது அமர, அதனை அகலவிரித்து வடிவமைக்கும் செயல் ஃபிளேரிங் எனப்படும். அமெரிக்க வேன்களில் விளிம்பை உட்புறமாக மடித்துப் பின் 45 பாகையில் விரிக்கும் இரட்டை ஃபிளேரும், ஐரோப்பிய வாகனங்களில் குமிழ் வடிவ ஃபிளேரும் பெருவழக்கு. ஒன்றின் இருக்கையில் மற்றொன்றை முறுக்கினால் கசிவதோடு இருக்கையும் கெடும். குழாயை இரம்பத்தால் அல்லாமல் உருளைக் கத்தியால் மெல்ல மெல்ல இறுக்கிச் செங்குத்தாக வெட்டி, உள்விளிம்பின் பிசிறை வழித்து, உலோகத் துகளை ஊதியெடுத்த பிறகே அச்சில் வைக்கவேண்டும். அதற்குமுன் நட்டைக் குழாயில் கோத்திருக்கவேண்டும். அழகாக விரித்து முடித்த பின், மேசையில் கிடக்கும் நட்டைக் கண்டு முனையை மீண்டும் வெட்டாதவர் இத்தொழிலில் அரிது. விரிந்த முனை ஒருபுறம் சாய்ந்தோ கீறலோடோ இருந்தால், இறுக்கிச் சரிசெய்யலாம் என எண்ணாமல் வெட்டியெறிவதே தக்கது. வெட்டு முனைகளை வளையத்தால் நெருக்கி இணைக்கும் தண்ணீர்க்குழாய் வகைப் பித்தளை இணைப்பிகள் இவ்வழுத்தத்துக்கு உரியவை அல்ல.

புதிய குழாய் பழைய தடத்திலேயே, புகைபோக்கியிலிருந்தும் அசையும் பாகங்களிலிருந்தும் விலகி, கிளிப்புகளில் அதிராதபடி அமரவேண்டும். அடுத்து வருவது, குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும், தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘ஏர் எடுப்பது’ என்று சொல்லப்படும் பணி. காற்று நசுங்கும், திரவம் நசுங்காது என்பதால், குமிழ் எஞ்சியிருந்தால் மிதி பஞ்சுபோல் இறங்கும். முன்–பின் சுற்று உள்ள வேன்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி, ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க மற்றவர் அச்சக்கரத்தின் பிரேக்கில் உள்ள காற்று வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூட, ஒளிபுகும் குழாயில் குமிழ் நிற்கும் வரை தொடர்வர். சில வேன்களின் பின் அச்சில் சுமைக்கேற்ப அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு உண்டு. வண்டி தூக்கப்பட்டு அச்சு தொங்கும்போது, சுமையில்லை எனக்கொண்டு அது பின்பக்க ஓட்டத்தைக் குறைத்துவிடுவதால், அச்சை அதன் இயல்பு உயரத்தில் தாங்கிய பின்னரே பின்சக்கரங்களில் காற்றை எடுக்கவேண்டும். பிரேக் திரவத் தொட்டியின் மூடியில் குறித்துள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகையையே ஊற்றவேண்டும். இத்திரவம் ஈரத்தை உறிஞ்சுவதால் நெடுநாள் திறந்துவைத்த டப்பா உதவாது. வண்ணப்பூச்சில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் பூச்சு உரிந்துவிடும்.

இறுதிச் சோதனையில், இயந்திரத்தை ஓடவிட்டு மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்திருக்க, மற்றொருவர் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த தாளால் ஒற்றிப் பார்ப்பர். தாளில் ஈரம் படியாமலும் மிதி கீழிறங்காமலும் இருந்தால், ஆளற்ற இடத்தில் நடைவேகத்தில் ஓட்டிப் பார்த்து, மறுநாள் திரவ மட்டத்தையும் அதே இணைப்புகளையும் மீண்டும் சோதிப்பர்.