திராட்சைப் பந்தலில் ஹாப்ஸ் ஏறுமா?

டிஸ்கி: இது குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. நம்ம மாநிலத்துல வீட்டுல பீர் காய்ச்சினா 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் வீட்டுக் கதவைத் தட்டும். நான் காய்ச்சினது வெறும் தண்ணி. எப்படின்னு கீழ வருது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பையில ஒரு சின்ன வெள்ளிக் கலர் பொட்டலம் இருந்துச்சு. ஆபீஸ்ல கூட பொட்டி தட்டுற நண்பன் அமெரிக்கா போயிட்டு வந்தப்ப வாங்கிட்டு வந்தது. அங்க வீட்டுல பீர் காய்ச்சுறது ஒரு பொழுதுபோக்கு. 28 கிராம் ஹாப்ஸ், கேஸ்கேட் ரகம், விலை மூணு நாலு டாலர். பார்க்க கோழித்தீவனக் குச்சி மாதிரி பச்சையா இருக்கும். பூவைக் காயவச்சு அரைச்சு அழுத்தின உருண்டை. ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், காத்து படக்கூடாது, பட்டா பழைய பாலாடைக்கட்டி வாசம் வந்துரும்னு நண்பன் நூறு தடவை சொல்லி அனுப்பினான்.

சித்தப்பா ஒரு குச்சியை உள்ளங்கையில வச்சு நசுக்கி மோந்து பாத்தார். கிச்சிலிப்பழத் தோல் மாதிரி இருக்குன்னார். நாக்குல வச்சார், மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே :-)

அடுத்த கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். “கிலோ என்ன வெல போகும்?”

சில்லறை விலையைக் கணக்குப் போட்டுச் சொன்னேன். கிலோ பத்தாயிரத்துக்குப் பக்கம். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் பந்தலைப் பார்த்தார். “கொடிதான? நம்ம பந்தல்ல ஏத்தி விட்டா வராதா தம்பி?”

விளையாட்டுக்குக் கேக்கலை. ராயப்பன்பட்டியில திராட்சை போட்டவங்க வீட்டுல வளர்ந்தவங்களுக்குத் தெரியும், பழம் பழுக்குற நேரத்துல ரெண்டு நாள் மழை பெஞ்சா கொலை கொலையா வெடிச்சுப் போகும். வெடிச்ச பழத்துக்கு வியாபாரி வைக்கிறதுதான் விலை. பந்தலைப் பிரிச்சுப் போட்டுட்டு வேற ஏதாச்சும் பண்ணலாமான்னு ரெண்டு வருஷமா யோசிச்சிட்டு இருக்கார். அதனால நானும் ஒழுங்கா படிச்சுட்டுத்தான் பதில் சொல்லணும்னு உக்காந்தேன். அந்தப் படிப்புதான் இந்தப் பதிவு.

ஹாப்ஸ்ங்கறது ஹியூமுலஸ் லூபுலஸ்ங்கற கொடியோட பெண் பூ. சொந்தக்காரங்க யாருன்னு பார்த்தா, கஞ்சா! ஒரே குடும்பம். கம்பம் பக்கத்து ஆளுன்னு சொன்ன உடனே கண்ணடிச்சுச் சிரிக்கிற நண்பர்கள் இங்க சிரிச்சுக்கலாம். (ஹாப்ஸ்ல அந்த மப்பு சமாச்சாரம் கிடையாது, கசப்பு மட்டும்தான்.)

பூவிதழ் அடியில மஞ்சத் தூள் இருக்கும். அதுல ஆல்ஃபா அமிலங்கள்னு ஒரு வகை. பச்சையா தண்ணியில போட்டா சரியா கரையாது. கொதிக்க வச்சா மூலக்கூறு வடிவம் மாறி, கரைஞ்சு, கசக்கும். நான் ஒரு பாத்திரத்துல அஞ்சு குச்சியை ஒரு மணி நேரம் கொதிக்க வச்சேன், இன்னொண்ணுல அஞ்சு நிமிஷம் மட்டும். முதல்ல உள்ளது நிலவேம்புக் கஷாயத்துக்கு அண்ணன். வாசனை சுத்தமா போயிருச்சு. ரெண்டாவதுல கசப்பு கம்மி, வீடு பூரா மணம். பீர் காய்ச்சுறவங்க கொஞ்சத்தை முதல்லயும் மிச்சத்தைக் கடைசியிலயும் போடுறதோட ரகசியம் அவ்வளவுதான்.

ஆனா ஹாப்ஸ் போட ஆரம்பிச்சதுக்குப் பெரிய காரணம் ருசி இல்லை, கெடாம இருக்கறது. அந்த அமிலம் புளிக்க வைக்கிற பாக்டீரியாக்களை அடக்கும், ஈஸ்ட்டை ஒண்ணும் பண்ணாது. வேண்டியவனை விட்டுட்டு வேண்டாதவனை மட்டும் வெளிய தள்ற வாட்ச்மேன் மாதிரி. இதைக் கண்டுபிடிச்சவங்க சாமியாருங்க. கி.பி. 822-ல வட பிரான்சுல கோர்பி மடத்துத் தலைவர் அடல்ஹார்ட் எழுதி வச்ச விதிகள்ல ஹாப்ஸ் சேகரிக்கிறது பத்தி வருது. பன்னிரண்டாம் நூற்றாண்டுல ஹில்டகார்ட்ங்கற ஜெர்மானியக் கன்னியாஸ்திரி, இதோட கசப்பு பானத்தைக் கெடாம வச்சிருக்கும்னு தெளிவா எழுதிட்டாங்க. 1516-ல பவேரியா அரசு பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணி மூணு மட்டும்தான்னு சட்டமே போட்டுருச்சு. இங்கிலாந்துக்காரன் லேட்டு. 1520-கள்லதான் அங்க சாகுபடியே சூடு பிடிக்குது.

இந்தியாவுக்கு ஹாப்ஸ் வந்தது செடியா இல்லைங்க, பீப்பாய்க்குள்ள. லண்டன்ல ஏத்தின பீர் ஆப்பிரிக்காவைச் சுத்தி, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி, மாசக்கணக்குல ஆடி ஆடி மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் வரணும். அதனால ஹாப்ஸை அள்ளிப் போட்டாங்க. லண்டன் போ பக்கத்துல இருந்த ஹாட்ஜ்சன் ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இந்த வியாபாரத்தையே கையில வச்சிருந்தது. 1820-கள்ல பர்ட்டன் ஊர் ஆல்சாப் போட்டிக்கு வந்தாரு. பெங்களூர் பப்புல இன்னிக்கு நம்மாளு ஸ்டைலா ஐ.பி.ஏ. கேக்குறானே, அதுல ‘ஐ’ நாமதான். ஹாட்ஜ்சன் உக்காந்து யோசிச்சு கண்டுபிடிச்சாருன்னு சொல்ற கதை மட்டும் கொஞ்சம் மிகை. வெயில் ஊருக்கு அனுப்புற பீருக்கு ஹாப்ஸ் கூடப் போடணுங்கறது அவருக்கு முன்னாடியே இருந்த வழக்கம்.

அப்புறம் இங்கயே காய்ச்ச ஆரம்பிச்சாங்க. எல்லாம் மலையில. ஐஸ் மெஷின் இல்லாத காலத்துல குளிர் வேணுமே. வடக்க கசௌலி, மர்ரி. (ஜாலியன்வாலா பாக் டயர் இருக்காரே, அவர் அப்பா எட்வர்ட் டயர் இந்த மலைப் பீர் ஆலைகளை நடத்தினவர். பள்ளிக்கூடத்துல இதை எவனும் சொல்லித் தரலை.) தெக்க நம்ம நீலகிரி. 1915-ல தாமஸ் லீஷ்மன்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் நீலகிரி, பெங்களூர் பக்கம் இருந்த அஞ்சு ஆலைகளை ஒண்ணு சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் ஆரம்பிச்சாரு. காலண்டர் புகழ் கம்பெனியோட பூர்வீகம் அதுதான்.

ஹாப்ஸ் செடியையும் இங்க வளக்கப் பார்த்தாங்க. எங்கன்னு கவனிங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில காஷ்மீர் சமஸ்தானம் சோபூர் பக்கம் துப்காம்ல ஹாப்ஸ் தோட்டம் போட்டுச்சு. 1895-ல வந்த வால்டர் லாரன்ஸோட காஷ்மீர் புத்தகத்துல அது இருக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் ஹிமாச்சல் லாஹுல் பள்ளத்தாக்குல விவசாயிகள் பயிர் பண்ணாங்க, வெளிநாட்டுச் சரக்கு மலிவா வர ஆரம்பிச்சதும் பலர் விட்டுட்டாங்க. ரெண்டு இடமும் வடக்கோட உச்சி. குளிர் மட்டுமே காரணம்னா கொடைக்கானல்லயும் ஊட்டியிலயும் பச்சைப் பசேல்னு வந்திருக்கணும்ல?

இங்கதான் விஷயமே இருக்கு. ஹாப்ஸ் பகல் நேரத்தை எண்ணிப் பார்க்குற கொடி. ஜெர்மனியில ஹல்லர்டாவ் பக்கம் கோடையில பகல் 16 மணி நேரம். அந்த நீளப் பகல்ல சில நாள் ஒரு அடி கூட வளரும், ஏழு மீட்டர் கம்பத்து உச்சியைத் தொடும். ஜூன் தாண்டி பகல் குறைய ஆரம்பிச்சதும் ‘ஆஹா, சீசன் முடியுது’ன்னு பூ வைக்கும். நம்ம ராயப்பன்பட்டியில? வருஷத்துல நீளமான பகலே பன்னெண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது, குட்டையான பகல் பதினொன்றரை. அந்தக் கொடிக்கு இங்க பன்னெண்டு மாசமும் சீசன் முடியுற மாதிரிதான். முழங்கால் உசரம் வளந்த உடனே அவசரமா நாலு பூ வச்சுட்டு நின்னுரும். உரமோ தண்ணியோ போட்டு இதைச் சரி பண்ண முடியாது.

திராட்சை அப்படி இல்லை. குளிர் ஊர்ல இலை கொட்டித் தூங்கும், இங்க தூங்க விடாம கவாத்து பண்றோம். கத்தரி பட்ட நாள்தான் அதுக்குப் புத்தாண்டு. கவாத்து பண்ணி நாலு மாசத்துல பழம். அதனாலதான் கம்பம் பள்ளத்தாக்குல ஒருத்தர் தோட்டத்துல துளிர், பக்கத்துத் தோட்டத்துல அறுவடைன்னு வருஷம் பூரா ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டும் வெளிநாட்டுக் கொடி, ரெண்டையும் வளத்தெடுத்ததுல சாமியாருங்களுக்குப் பங்கு இருக்கு. ஒண்ணு இங்க குடியேறிருச்சு, இன்னொண்ணு முடியலை.

சாமியார்னதும் ஒரு கொசுறு. நம்ம பன்னீர் திராட்சையை 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தாருன்னு சொல்வாங்க. 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப எல்லாப் பேப்பர்லயும் அதுதான் வந்துச்சு. ஆனா பன்னீர்ங்கறது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். இங்கிலாந்துல ரெஸ்ட் பார்க் தோட்டத்துல சீவர்ட் ஸ்னோங்கற தோட்டக்காரர் அதை உருவாக்கினது 1850 வாக்குலன்னு திராட்சைப் புத்தகங்கள் சொல்லுது. பொறக்காத கொடியை 18 வருஷம் முன்னாடி எப்படிக் கொண்டு வருவாங்க? பாதிரியார் கொண்டு வந்தது வேற ரகமா இருந்திருக்கலாம், பன்னீர் பின்னாடி வந்து சேர்ந்திருக்கலாம். எங்க ஊர்க்காரங்க என்னை அடிக்க வராதீங்க, கணக்கு இடிக்குது, அதைத்தான் சொல்றேன்.

சரி, ஹாப்ஸ் இல்லாம நம்மாளுங்க என்ன பண்ணாங்க? பெரும்பாணாற்றுப்படையில வீட்டுல கள் சமைக்கிற காட்சி ஒண்ணு இருக்கு. அரிசியைக் கூழாக் காய்ச்சி, வாயகன்ற தட்டுல ஆற வச்சு, நல்ல அடையைக் கலந்து (உரையாசிரியர்கள் அதை நெல்முளைங்கறாங்க), ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி சாடியில வைக்கிறாங்க. முளைகட்டின தானியம், கூழ், சாடி. அட, இது பீர்தாங்க! ஆனா ரெண்டு நாள்ல விளையுது, உடனே குடிச்சுத் தீர்க்குறாங்க. கப்பல்ல ஏத்தப் போறதில்லை, அப்புறம் எதுக்குக் கெடாம இருக்க மருந்து? பனங்கள்ளும் அப்படித்தான், காலையில இறக்குனா சாயங்காலத்துக்குள்ள காலி. புளிக்கவே கூடாதுன்னா கலயத்துல சுண்ணாம்பு தடவுவாங்க, பதநீர் கிடைக்கும். இலங்கையில தென்னங்கருப்பட்டி, கித்துல் கருப்பட்டி காய்ச்சுறவங்க ‘ஹல்’ மரத்துப் பட்டையைக் கலயத்துல போடுவாங்க, அதே வேலைக்குத்தான்.

கசப்பும் துவர்ப்பும் நமக்குத் தெரியாததில்லை. அர்த்தசாஸ்திரத்துல மைரேயம்னு ஒரு மது வருது. மேஷசிருங்கிப் பட்டைக் கஷாயத்துல வெல்லமும் மிளகும் திப்பிலியும் போட்டது. மேஷசிருங்கின்னா நம்ம சிறுகுறிஞ்சான்னு பலர் சொல்றாங்க, சக்கரை வியாதிக்குத் தின்னுறோமே அந்தக் கசப்புதான். அப்புறம் நம்ம வெள்வேல மரம். பட்டைச் சாராயம்னு பேர் வந்ததே அதோட பட்டையாலதான். வெள்ளைக்காரத் தாவரவியல்காரங்க அந்த மரத்துக்குச் சாராயக்காரர் வேலம்னே பேர் வச்சிருக்காங்க. பட்டையில இருக்குற துவர்ப்பு, ஊறல்ல இருக்குற புரதத்தைத் திரட்டி அடியில படிய வைக்கும். கொதிக்கிற பீர்ல ஹாப்ஸ் செய்யற வேலைகள்ல அதுவும் ஒண்ணு. சண்முகாநதி அணைக்குப் போற வழியில சின்ன வயசுல எத்தனையோ தடவை வேல மரத்து நிழல்ல சைக்கிளை நிறுத்தியிருக்கேன், இதெல்லாம் அப்பத் தெரியாது.

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட போன்ல ஒப்பிச்சேன். பொறுமையா கேட்டுட்டு, “பகல்தான கொறச்சல்? பல்பு போட்டா?”ன்னார். மனுஷன் பி.இ. படிக்காதது நல்லதாப் போச்சு, நம்ம வேலைக்கே உலை வச்சிருப்பார்.

ஏன்னா அதுவும் நடந்திருக்கு. தென்னாப்பிரிக்காவுல ஜார்ஜ் பக்கம் ஹாப்ஸ் தோட்டத்துல விளக்கு போட்டுப் பகலை நீட்டித்தான் பல வருஷம் வளத்தாங்க, அப்புறம் கம்மிப் பகலுக்கு ஒத்து வர்ற மாதிரி சொந்த ரகங்களை உருவாக்கினாங்க. ஃப்ளோரிடாவுல பல்கலைக்கழகத்து ஆளுங்க எல்.இ.டி. போட்டு வருஷத்துக்கு ரெண்டு அறுவடை எடுத்துக் காட்டியிருக்காங்க. ஆனா ஒரு ஏக்கருக்கு விளக்கு, ரெண்டாள் உசரப் பந்தல், காயவைக்கிற அடுப்பு, குச்சியா அழுத்துற மெஷின், குளிர் அறை, இதெல்லாம் யார் போடுறது? அதோட நான் சொன்ன கிலோ பத்தாயிரம் பொட்டல விலை. அமெரிக்க விவசாயி கையில நிக்கிறது பவுண்டுக்கு அஞ்சாறு டாலர்தான். அதுவும் விக்காம, 2024-ல அங்க ஹாப்ஸ் பரப்பு முந்தின வருஷத்தைவிட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருச்சு. கொடியை அவங்களே பிடுங்கிப் போட்டாங்க.

“அங்கயும் அதே கததானா”ன்னு ஒரு சிரிப்பு வந்துச்சு போன்ல. அப்புறம், “சரிப்பா, வர்ற வாரம் கவாத்துக்கு ஆள் சொல்லிருக்கேன், வெக்கிறேன்”னார்.

மிச்சக் குச்சி இன்னும் ஊர்ல ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. சித்தி அதைக் கஷாயப் பொடின்னு நெனச்சு, சளி பிடிச்ச யாருக்கோ ஒரு ஸ்பூன் போட்டுக் கொடுத்துட்டாங்களாம். குடிச்சவர் ராத்திரி நல்லா தூங்கினாராம்.